ஊசி போட்டுப் பழகிய கை

நம் பையனின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் சர்க்கரை இப்போது எவ்வளவு?

இங்கே இவன் வளர்க்கும் நாய்க்கும் சர்க்கரையாம். காலையும் மாலையும் அது சாப்பிட்டதும் நான்தான் இன்சுலின் போடுகிறேன். முதுகுத் தோலைத் தூக்கிப் பிடித்தால் அசையாது. உங்களைப் போல் முகம் சுளிக்காது.

பேத்தி ஏங்குகிறாள் என்றுதானே என்னை அழைத்தான்? நேற்று போனில் யாரிடமோ, "ஆளெல்லாம் தேடலடா. அம்மா பத்து வருஷமா அப்பாவுக்கு ஊசி போட்டவங்க, அதான் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று சிரித்தான். காதில் விழாதவள் போலப் பாத்திரம் துலக்கினேன்.

உங்களுக்கு ஊசி போட கம்பவுண்டர் தவறாமல் வருகிறாரா? ஒரே இடத்தில் குத்த விடாதீர்கள். 'எனக்கு முடியவில்லை, அம்மாவை அனுப்பு' என்று அவனுக்கு ஒரு வரி எழுதுங்கள். நானாகக் கேட்க மாட்டேன்.

நாய் தட்டை நக்கி முடித்துவிட்டது. என்னையே பார்க்கிறது, எழுந்திருக்கிறேன்.