அப்பா பேசாமல் இருந்த மதியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் நலம், இந்த முறை அதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம், அதனால் மேலே படிக்கும்போது பதறாதே. அப்பா பக்கத்து அறையில் யாரிடமோ போனில் வாயடித்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் தெருமுனை கிளினிக் நர்ஸ், ஆஸ்துமா வந்தால் என்ன செய்வது என்று வகுப்பு எடுத்தாள், நானும் போனேன். பழைய சோபாவைப் பிரித்துப் பஞ்சை உதறுவதே பிழைப்பாக இருக்கும் மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும், அவருக்கு இழுப்பு வந்தால் படுக்க வைத்து விசிறுவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? படுக்கவே வைக்கக் கூடாதாம். நிமிர்த்தி உட்கார வைத்து, லேசாக முன்னால் சாய்ந்து கையூன்றச் சொல்லி, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட வேண்டும். நீல இன்ஹேலரைக் குலுக்கி, வாயில் வைத்து மருந்தை இழுப்பதற்கென்று தரும் பிளாஸ்டிக் குழாயில் செருகி ஓர் அழுத்து, நாலு மூச்சு, இப்படி நாலு முறை. நாலு நிமிடம் பார்த்தும் குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும். சுற்றி நின்று புலம்பக் கூடாது. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடிக்க முடியாமல் திணறினால் ஆபத்து, அப்போது காத்திருக்கவே கூடாது என்றும் சொன்னாள்.

வீட்டில் பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே, உன் அப்பாவைத்தான் பிடித்தேன், காலி இன்ஹேலரை வைத்துக்கொண்டு. அவர் சும்மா இருப்பாரா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஐயோ போறேனே, என் கத்தரிக்கோலை மட்டும் யாருக்கும் இரவல் குடுத்துடாதே என்று ஒரே அழிச்சாட்டியம். பிறகு அதுவே விளையாட்டாகிவிட்டது. நான் துணி துவைக்கும்போது, கதவைப் பூட்டும்போது, நினைத்த நேரத்தில் மேஜையில் சாய்ந்து, அதே கத்தரிக்கோல் வசனத்தோடு இரைக்க ஆரம்பிப்பார், கேட்டால் உன்னைச் சோதிக்கிறேன் என்பார்.

போன வியாழக்கிழமை மதியம் பட்டறையில் நான் மிஷினில் உறை தைத்துக்கொண்டிருந்தேன். அவர் அரதப்பழசான ஒரு சோபாவைக் கிழித்துப்போட்டிருந்தார், ஒரே தூசி. எழுந்து வந்து வெட்டுமேஜையில் கையூன்றிச் சாய்ந்தார். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. போதும் உங்க நடிப்பு, இந்த ஓரத்தை முடிச்சுட்டு வந்து காப்பாத்துறேன் என்று சொல்லிவிட்டுத் தைத்தேனடி. ஓரம் முடிகிற இடத்தில்தான் சுருக்கென்றது. கத்தரிக்கோல் பேச்சே வரவில்லையே. நடிக்கும்போது ஒரு நொடி வாய் மூடாத மனுஷன் இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நிமிர்ந்து பார்த்தால் தோள் ஏறி ஏறி இறங்குகிறது, உதடு வெளுத்திருக்கிறது, என் பெயரைச் சொல்ல வந்து பாதியில் மூச்சுக்கு நிற்கிறார்.

பழகிய கை தானாக வேலையைச் செய்தது. உட்கார வைத்தேன், முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், மருந்தைக் கொடுத்தேன். குறையவில்லை. மறுபடி கொடுத்தேன். அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை கண்ணு. வண்டி வருவதற்குள் கொஞ்சம் தெளிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கே அவர் முழுசாகப் பேசிய முதல் பேச்சு, கத்தரிக்கோலை யாருக்கும் குடுத்துடலையே என்பதுதான். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

இப்போது முகமூடி போடாமல் பட்டறைக்குள் விடுவதில்லை. நடிப்புக்கும் தடை போட்டாயிற்று. உனக்கும் குளிர் வந்தால் நெஞ்சு கீச்சிடுமே, உன் இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணிடம் இன்றைக்கே காட்டிவை, எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லிக்கொடு. கூச்சப்படாதே.

நோய் நொடி அண்டாமல் நூறு வயசு இரு என் தங்கமே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அப்பா போனில் வளவளவென்று இழுத்தால் வேலை இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய். நானும்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாயை மூடுங்க என்று சொல்லியிருக்கிறேன், இனிமேல் சொல்ல மாட்டேன். அடுத்த முறை அவர் ஆரம்பித்தால் வைக்காதே, முழுசாகப் பேசி முடிக்கட்டும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா