துவாயின் தடம் விழுந்த முத்திரை

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருஷம் அது. தகரக் கொட்டில்களிலிருந்து சனம் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உப்பேறிய காணிகளில் ஒருவரும் விதைக்கவில்லை. வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போன ஆள் திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்தபடி இருக்கும் பழக்கம் இந்தக் கரை முழுக்கத் தொடங்கியிருந்தது. எழுத்துத் தெரியாத எனக்கு வருஷம் என்பது இப்படித்தான் ஞாபகம். அந்த வருஷத்தில்தான், அண்ணன், உங்கள் அமெரிக்கத் தபால் முத்திரையை என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, இன்று அஸர் தொழுதுவிட்டு வந்தபோது அதைத் திரும்பவும் கண்டேன். ஒரு பொடியன் வாகனத்தை வேலிப் படலையோடு நிறுத்திவிட்டு வந்து, கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தான். திரையில் உங்கள் முத்திரையின் முதுகுப்புறம்.

யாருக்கு யார் மூத்தவர் என்று நம் இருவருக்கும் கடைசிவரை தெரியாது. நான் அண்ணன் என்பேன், நீங்கள் காக்கா என்பீர்கள். என் தறிக்கு முன்னால் மர வாங்கில் இருந்துகொண்டு, உங்கள் பூட்டன் பாதிரியார் வீட்டில் சமைத்த கதையைச் சொல்வீர்கள். அமெரிக்காவிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த கடித உறைகளை அவர் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்தார். அது உங்கள் கைக்கு வந்தது. முத்திரைகளில் ஒரே தலை, ஒரே ரோசாச் சிவப்பு, ஆனால் எல்லாம் ஒன்றல்ல என்பீர்கள்.

“அந்தக் காலத்தில முத்திரையக் கழுவித் திரும்ப ஒட்டினவங்களாம், காக்கா. கள்ளத்தை நிப்பாட்ட, கடதாசியில சின்னச் சின்னச் சதுரமா குத்தி விட்டாங்க. மை உள்ளுக்கு இறங்கிரும், கழுவ ஏலாது. அதுக்குக் கிரில் எண்டு பேர். குத்து எத்தின வரிசை, எவ்வளவு அகலம் எண்டு பாக்கோணும். சில அளவு உலகத்திலயே கொஞ்சம்தான்.”

“அமெரிக்காவிலயும் நம்மட ஆக்கள் இருந்திரிக்காங்க” என்றேன். நீங்கள் சிரித்துப் புரைக்கேறி, தேத்தண்ணியை தறியில் ஏற்றியிருந்த என் பாவு நூலில் சிந்தினீர்கள்.

பிறகு கடல் வந்தது. பெட்டி நனைந்தது. நீங்களும் உங்கள் மனைவியும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, உடம்பு துடைக்க, நான் சின்னச் சதுரம் சதுரமாக நெய்த துவாய்களைக் கொண்டு வந்து தந்தேன். தறியின் சீப்பில் ஒரு பல் வளைந்ததால், அவற்றில் நெடுக ஓர் இரட்டை இழை ஓடியது. நீங்கள் அந்த நிலையிலும் கேலியை விடவில்லை. “விக்க ஏலாததெல்லாம் எங்களுக்கோ, காக்கா?” உங்கள் மனைவி அந்தத் துவாயில்தான் உறையை விட்டுக் கழன்ற முத்திரைகளைப் பரப்பி, மேலே இன்னொன்றைப் போட்டு, அம்மிக்கல்லை ஏற்றிக் காயவைத்தார். ஈரக் கடதாசியைச் சுருங்காமல் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது.

காய்ந்த பிறகு ஒரு முத்திரையின் முதுகில் சதுரங்கள் தெரிந்தன. அரிய வகை என்று நம்பினீர்கள். சந்தோசத்தில் தேத்தண்ணிக் கடையில் வாய்விட்டும் சொல்லிவிட்டீர்கள். கதை உங்கள் ஊர் காரைதீவைத் தாண்டி எங்கெங்கோ போனது. பார்க்க வேண்டும் என்று யாரோ ஆள் அனுப்பிய பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தீர்கள்.

யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். நீங்கள் காட்டித் தந்த மாதிரித்தான் பார்த்தேன். சதுரங்களுக்கு நடுவே நெடுக ஓர் இரட்டைக் கோடு.

“அண்ணன், இது என்ட துவாய்.”

“ஓம், காக்கா” என்றீர்கள். “எனக்கும் நேத்துல இருந்து அந்தச் சந்தேகம்தான். நீங்க இல்ல எண்டு சொல்லுவீங்க எண்டு வந்தன்.”

“அப்ப அவங்கட்ட உள்ளதச் சொல்லிருங்க.”

“சொன்னா நம்புவாங்களா? நல்லத ஒளிச்சிட்டன் எண்டுதான் நினைப்பாங்க. வீட்ட வந்து தேடுவாங்க. அவ தனிய இருக்கிறா.” முத்திரையை என் கையிலிருந்து திரும்ப வாங்கினீர்கள். “நானே கொண்டு போய்க் காட்டிட்டு வாறன். அவங்க வீட்டுக்கு வரவேணாம். இது துவாயால வந்த வினை எண்டு அவட்டச் சொல்லிராதீங்க. தன்ட பிழை எண்டு சாப்பிட மாட்டா.”

மறுநாள் காலை காரைதீவுச் சந்தியில் ஒரு வாகனத்தில் ஏறினீர்கள், திரும்பி வரவில்லை. கண்டவர்கள் இருந்தார்கள். பிறகு கேட்டபோது ஒன்றும் காணவில்லை என்றார்கள். சந்திக் கடைக்காரரும் கண்டதைச் சொல்லாமலே மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார். உங்களை அடக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. உங்களுக்காகக் கையேந்தும்போது, எந்தத் திசையை நினைப்பதென்று எனக்கு இன்னும் தெரியாது.

அந்த முத்திரைதான் இன்று திரையில் கிடந்தது. இரட்டைக் கோடு அப்படியே இருந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“இது கள்ளக் கிரிலாம், வாப்பா” என்றான் பொடியன், மரியாதையாக. “உண்மையானது இத வச்சிருந்தவர்ர வீட்டிலதான் இரிக்கி எண்டு பெரியவர் சொல்றார்.”

“எந்தப் பெரியவர், மனே?”

அவன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். “நீங்க அந்த முத்திரைக்காரர்ர கூட்டாளியாம். அவர்ர ஆக்கள் ஆரும் ஹயாத்தோட இரிக்காங்களா?”

“இல்ல, மனே. எல்லாரும் மௌத்தாகிட்டாங்க. நான் மட்டும்தான் மிச்சம்.”

சிரித்தான். நாளைக்கும் இந்தப் பக்கம் வருவேன் என்றான். வாகனம் போகும்போது தெருவில் ஒவ்வொரு படலையடியிலும் மெதுவாகியதைப் பார்த்தேன்.

பேத்தியைக் கூப்பிட்டு இதைச் சொல்லச் சொல்ல எழுதுவிக்கிறேன். எழுதி முடித்ததும் அடுப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். துவாயைப் பற்றி உங்கள் வீட்டில் இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை, அண்ணன். இனியும் திறக்க மாட்டேன். உங்கள் மனைவி எங்கே இருக்கிறார், யாருடன் இருக்கிறார் என்பதை இந்தக் கடதாசிக்கும் சொல்ல மாட்டேன். வாசலைப் பார்த்தபடிதான் இருக்கிறார். படலையடியில் எந்த வாகனம் நின்றாலும், நீங்கள்தான் என்று எழுந்து போய்த் திறந்துவிடுவார், உங்கள் சிவபாக்கியம்.