வீடு இல்லாத படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் காயம் எதுவும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். இன்னும் பள்ளிக்கூட வகுப்பறையில்தான் தங்கியிருக்கிறோம், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கிறோம். அப்பாவுக்கு இடுப்பு வலி, ஆனால் புலம்புவதில்லை. புலம்பாத மனுஷரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். விமானத்திலிருந்து லேசர் அடித்து எடுத்த மலைப் படத்தை மழைக்கு முன்பே பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நம் தெருவுக்கு மேலே எப்போதோ மண் சரிந்த தழும்பு தெரிகிறது, காலி செய்யுங்கள் என்றார்கள். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம வீட்டையே காணோம், தெருவையும் காணோம், எந்த ஊர்ப் படமோ இது" என்று தெருமுனையில் நின்று சொன்னார். அந்த மலையில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், அவர் பேச்சை யார் தட்டுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அடுத்த வீட்டுத் தையற்காரர் வண்டியில் ஏற்றிக் கட்டியிருந்த மெஷினை இறக்கி வைத்துவிட்டார். அந்த வாரமே மலை இறங்கி வந்து நம் சுவரை உரசிக்கொண்டு அவர் வீட்டின் மேல் விழுந்தது. அவர் மனைவியை உயிரோடு எடுக்க முடியவில்லை.

மரத்தையும் வீட்டையும் கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே நீக்கிவிட்டு வெறும் தரையைக் காட்டுகிற படம் அது, உன் வேலையே அதுதான் என்று பிறகுதானே சொன்னாய். உனக்கு என்ன வேலை என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன், கம்ப்யூட்டர் வேலை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். கோபமில்லை, ஆனால் மனசு ஆறவில்லை. இனிமேல் ட்ரோன்கள் மாதாமாதம் பறந்து தரை விரலளவு நகர்ந்தாலும் சொல்லிவிடும் என்கிறாய், வரட்டும், நல்லதுதான். ஆனால் வீடுகளை நீக்கியிருக்கிறோம் என்று படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி போடச் சொல். பார்க்கப் போவது எங்களைப் போன்றவர்கள்தானே.

நேற்று விமானம் மறுபடியும் வந்தது. அப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, போன தடவை நம் வீடு ஏன் படத்தில் வரவில்லை என்று உன்னிடம் கேட்க வேண்டும் என்றார். படம் சரிதான் என்று அவருக்கு இன்னும் தெரியாது, போனில் சொல்லிவிடாதே. லீவு போட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல். தையற்காரர் தினமும் அப்பாவோடுதான் சாப்பிடுகிறார். "உங்க மேல தப்பில்லண்ணே, அந்தப் படம்தான் தப்பு" என்று அவர்தான் அப்பாவைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். போன் செய்தால் முதலில் என்னிடம் பேசு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா