காந்தத்தோடு மலையேறியவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கிறது, நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்தப் பெரிய மலைக்கு உன் தோழியோடு போகச் சம்மதம் கேட்டிருந்தாய். என்னவென்றே தெரியாமல் எப்படிச் சரி என்பது, அதனால் நீ விட்டுப்போன காம்பஸையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தபாலக்காவோடு நம் ஊருக்குப் பின்னாலிருக்கும் மலைக்குப் பழகப் போனேன். கயிறு பிடிக்கவும் இறங்கவும் மலை வழிகாட்டி ஒருவர் எங்கள் இருவருக்கும் முன்பே கற்றுக்கொடுத்திருந்தார். ஊர் முழுக்கத் தபால் கொடுத்தவளுக்கு வரைபடம் தண்ணீர் பட்ட பாடு, காம்பஸ் என் பொறுப்பு. பாதி வழியில் மூடுபனி வந்து எதுவும் தெரியவில்லை. வரைபடத்தில் ஓடை இடப்பக்கம், சத்தமோ வலப்பக்கம். "உன் முள்ளு கிறுக்கு பண்ணுதுடி" என்றாள், "முள்ளு சரியாத்தான் இருக்கு, உன் காகிதத்தப் பாரு" என்று நானும் விடவில்லை. அப்போது அவள் காலில் பட்டு ஒரு கல் உருண்டது, அது விழுந்த சத்தம் வரவே இல்லை. இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். தையல் கடையிலிருந்து அப்படியே மாட்டி வந்த கோட்டுப் பையில் கைவிட்டால், நான் குண்டூசி பொறுக்கும் காந்தம் இருக்கிறது. அதைத் தூரமாக வைத்ததும் முள் நிதானமாகத் திரும்பி வேறு திசையைக் காட்டியது, இவ்வளவு நேரமும் தப்பான பக்கம் நடந்திருக்கிறோம்.

கொஞ்ச நேரத்தில் பனி விலகியது. எங்களுக்கு இரண்டு எட்டு முன்னால் மலை முடிந்திருந்தது. அதற்குக் கீழே, வெட்டு மேசையிலிருந்து சரிந்த துணிபோல மடிப்பு மடிப்பாக மலைகள், கண்ணுக்கெட்டிய வரை. பயப்படக்கூட மறந்துவிட்டேன். இத்தனை வருஷமும் இது நம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது, நான்தான் குனிந்து தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம் சரியான வழிக்குத் திரும்பி, இடுப்பில் கயிறு கட்டிப் பழகுகிற பாறையில் இறங்கினேன், முகம் பாறையைப் பார்த்து, மற்ற மூன்றும் ஊன்றிய பிறகே ஒரு கையோ காலோ எடுத்து. மேலே கயிற்றைப் பிடித்திருந்த தபாலக்கா, நான் தரை தொடும்வரை அதை அங்குலம் அங்குலமாகத்தான் விட்டாள். சுற்றுப்பாதையில் இறங்கி வந்தவளின் உள்ளங்கை சிவந்திருந்தது.

வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன், அந்த மலைகளைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. போய் வா கண்ணு. போன், சாவி எதையும் காம்பஸ் பக்கத்தில் வைக்காதே, இறங்கியதும் முதல் போன் எனக்கு. நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. உன் தோழியிடம் மட்டும் ஒன்று சொல், அவள் பிடித்திருக்கும் கயிற்றின் மறுநுனியில் இருப்பது என் மகள்.

இப்படிக்கு,
உன் அம்மா