ஓநாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்

மயிலாப்பூர்
ஆவணி, 1996

ஏன்னா,

இங்கே நான் க்ஷேமம். உங்க க்ஷேமத்தை அடையாறுல அவ பார்த்துப்பா.

நீங்க கேலி பண்ணுவேளே, மனுஷன் ஓநாயா மாறுற காதல் கதைகள், லெண்டிங் லைப்ரரியில அத்தனை பாகத்தையும் படிச்சு முடிச்சுட்டேன். எல்லாத்துலயும் ஒரே சங்கதிதான். ஓநாயா ஓடிப்போனவனை அவன் காதலி பேர் சொல்லிக் கூப்பிட்டா, மறுபடி மனுஷனாயிடுவான்.

நான் எங்கே கூப்பிட்டேன்? ஆம்படையான் பேரைச் சொன்னா அவன் ஆயுசு குறையும்னு உங்கம்மா சொன்னதை நம்பி, ரேஷன் கடையில கூட எழுதித்தான் காட்டினேன்.

நேத்து வக்கீல், "புருஷன் பேர் என்னம்மா?"ன்னு கேட்டுட்டு, அவராவே பேப்பரை நீட்டினார். வேண்டாம்னுட்டு வாயாலயே சொன்னேன். நாக்கு கூசலை.

முகுந்தன், விவாகரத்து நோட்டீஸ் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ.

இப்படிக்கு,
உன் ஆயுசைப் பத்தி இனிமே கவலைப்படாதவள்