தீவுத் தேயிலை

மார்ச் 3, செவ்வாய்

காலை முழுக்க உறிஞ்சினேன், துப்பினேன். கம்பெனியில் என் வேலை அதுதான். வரிசையாக வைத்த தேநீர்க் கோப்பைகளில் ஒவ்வொன்றாக ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சி, வாளியில் துப்பி, ஒரே சொல்லில் தீர்ப்பு. சப்பை. புகை. அடுத்தது.

வீட்டுக்கு வந்தால் இவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். கல்யாணமானதிலிருந்து கேட்கிற தீவு. இந்தத் தடவை தங்கையையும் சகலையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு டிக்கெட்டே எடுத்துவிட்டாள். "ஒரு தடவை உங்ககூடக் கடல்ல நிக்கணும், அவ்வளவுதான்." கடலில் என்ன இருக்கிறது, உப்புத் தண்ணீர்.

மார்ச் 6, வெள்ளி

வந்து சேர்ந்தோம். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டால் இதுதான். படகில் சகலை பாடினான். ஐம்பது வயதில் பூப்போட்ட சட்டை வேறு. மச்சினி கை தட்டினாள், இவளும் தட்டினாள். யாரோ தெரியாதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

செருப்பில் மணல், பையில் மணல், பல்லில் மணல். இதற்குப் பெயர் கடற்கரை. மூன்று பேரும் தண்ணீரில் இறங்கினார்கள். இவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துக் கையாட்டினாள். "பையை யார் பாத்துக்குறது?" என்றேன். குடையடியில் உட்கார்ந்து காவல் காத்தேன். ஈரத் துண்டை எவன் தூக்கிக்கொண்டு போகப் போகிறான்?

மதியம் கடலோரக் கடை. சுட்ட மீன், இவள் ஆசையாகக் கேட்டு வாங்கியது. தட்டு வந்ததும் வழக்கம்போல முதல் விள்ளல் எனக்கு. நாக்கில் உருட்டிப் பார்த்தேன், கைக்குட்டையில் துப்பினேன். "பழசு." பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சகலை அதே மீனை முள் விடாமல் உறிஞ்சினான். அவனுக்கு நாக்கு இருப்பது பாடத்தான். இவள் தட்டைத் தள்ளிவிட்டாள், பசிக்கவில்லையாம். ஏன், நான் பொய்யா சொன்னேன்?

மார்ச் 8, ஞாயிறு

கடைத்தெரு. சிப்பி மாலை, சிப்பி விளக்கு, சிப்பி ஒட்டிய கடிகாரம் — ஓடவில்லை. ஒரு கடையில் 'தீவுத் தேயிலை' என்று பொட்டலம். இந்த மணலில் தேயிலைச் செடி முளைக்குமா? பிரித்துக் காட்டச் சொல்லி முகர்ந்தேன். எங்கள் கம்பெனிக் கூடத்தில் பெருக்கித் தள்ளுகிற தூசி. "குப்பை" என்றேன், கடைக்காரர் முகத்துக்கு நேராக.

இவள் வாங்கிவிட்டாள். என் வீட்டுக்கு, அந்தத் தூசியை. என் மானத்தைக் கப்பலேற்றத்தானே?

அறையில் கேட்டேவிட்டேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தால், பெட்டியை மூடிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "எல்லாத்தையும் வாயில வச்சுத் துப்பிடுறீங்க. இத்தனை வருஷத்துல எதையாவது முழுங்கியிருக்கீங்களா?"

முழுங்கினால் என் வேலை நடக்குமா? பேச்சைப் பார்.

மார்ச் 9, திங்கள்

திரும்பி வரும் படகில் யாரும் பாடவில்லை. அதுவும் நன்றாக இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாப்பாட்டை வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. நிம்மதி. — நிம்மதிதானா?

சாயங்காலம் கடைக்குப் போய், கடலில் இறங்குவதற்கென்று விற்கிற அரைக்கால் சட்டை ஒன்று வாங்கினேன். மட்டமான துணி. பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 19, வெள்ளி

மறுபடியும் பெட்டி அடுக்கினாள். அதே தீவு. "படகு எத்தனை மணிக்கு?" என்றேன்.

"நாங்க மூணு பேருதான் போறோம். உங்களுக்கு எதுக்கு வீண் தொல்லை."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். பீரோவில் இருப்பதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வாசலில் சகலை ஹாரன் அடித்தான். அதே பூப்போட்ட சட்டை, சகிக்கவில்லை. இவள் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கையாட்டவில்லை.

சமையலறையில் அந்தப் பொட்டலத்தைத் தேடி எடுத்துத் தேநீர் போட்டேன். தூசிதான், சந்தேகமே இல்லை. நிறம் மட்டும் உண்டு. மணம் கிடையாது. தொண்டையில் கசக்கிறது.

உட்கார்ந்து முழுவதையும் குடித்தேன்.