இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால்

ஜூன் 3

தான் பேசியது தனக்கே திரும்பக் கேட்பதை எந்த அதிகாரியும் விரும்புவதில்லை. அதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். காணொலிக் கூட்டத்தில் ஸ்பீக்கரில் வரும் குரல் பக்கத்து மைக்கில் விழுந்து, பேசியவருக்கே போய்ச் சேரும். அந்த எதிரொலியை எங்கள் மென்பொருள் கழித்துவிடும்.

இன்று வாடிக்கையாளருக்குச் செய்துகாட்டியபோது நூலளவு எதிரொலி மிஞ்சியது. மேலாளர் வைஷாலி என்னைப் பார்த்தார். அடக்கும் அளவை இறுக்கினேன். அப்பழுக்கில்லாத அமைதி. கைதட்டினார்கள்.

இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்படி நடந்ததே இல்லை. மேலாளர் பேசும்போது மற்றவர்கள் தலையாட்டுவோம்.

ஜூன் 19

எங்கள் மென்பொருள் ஓடும் காணொலிப் பெட்டிகளில் ஒன்று கடப்பாக்கம் சமுதாயக் கூடத்துக்குப் போகிறதாம். செல்லம்மா அத்தையின் ஊர். பெருமையாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 27

அத்தை போன் செய்தாள். படகு இழுத்து நிறுத்தி, கருவாடு காயவைக்கும் கரையைச் சுற்றுலாப் படகுத்துறைக்காக வேலி போட்டு அடைக்கப் போகிறார்கள். ஊர்க்காரர்கள் கூடத்தில், அதிகாரி செங்கல்பட்டில், நடுவில் என் பெட்டி.

"அவரு பேசிக்கினே இருந்தாரு, நாங்களும் கத்திக்கினே இருந்தோம். கடைசில யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கினாரு. நாங்க இன்னா செத்தா போய்ட்டோம்?"

கடப்பாக்கத்தில் எதிராளி முடிக்கும்வரை காத்திருந்தால், சம்மதம் என்று அர்த்தம். மறுப்பவர்கள் பாதியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஜெபத்தில்கூட அத்தை போதகரை முடிக்கவிட்டதில்லை.

மென்பொருளுக்கு இந்த வழக்கம் தெரியாது. அந்தப் பக்கக் குரல் ஸ்பீக்கரில் ஓடும்போது மைக்கில் விழும் எதையும் எதிரொலி என்றே கழித்துவிடும். எழுதியவனுக்குத் தெரியும்.

ஜூன் 28

அத்தையிடம் சொல்லவில்லை.

ஜூலை 1

சோதனைக்காகப் பெட்டி இரண்டு ஒலிப்பதிவுகளை வைத்திருக்கும் - மைக்கில் விழுந்தது ஒன்று, செங்கல்பட்டுக்குப் போனது ஒன்று. இரண்டையும் கேட்டேன்.

முதலாவதில் அத்தை: "வேலி போட்டா படகை உன் ஆபீஸ்லயா சார் இழுத்து வுடறது?" கூடமே சிரிக்கிறது.

இரண்டாவதில் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. மூச்சுக்கூட இல்லை. மிக நேர்த்தியான வேலை.

யாரோ செய்ததென்றால் இந்நேரம் கேலியாக நாலு வரி எழுதியிருப்பேன் - இப்ப இன்னாத்த எழுதறது?

ஜூலை 2

வைஷாலியிடம் சொன்னேன். பெட்டி சொன்னபடிதானே வேலை செய்திருக்கிறது என்றார். உண்மைதான். சொன்னது நான். ஒலிப்பதிவை வெளியே அனுப்பினால் இந்தக் குழுவில் இருக்க முடியாது என்றும் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

ஜூலை 4

இரண்டு பதிவுகளையும் செங்கல்பட்டு அதிகாரியின் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். 'தவறு என்னுடையது' என்று எழுதினேன். முதலில் 'அளவீட்டில் நேர்ந்த பிழை' என்றுதான் எழுதியிருந்தேன்.

ஜூலை 23

மறு கூட்டம். பெட்டியில் அடக்கும் அளவைத் தளர்த்திவிட்டு, கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவசரத்தில் தளர்த்தியதால் எதிரொலி தாராளமாகவே மிஞ்சியது.

"வேலியால் யாருக்கும் பாதிப்பு இல்லை" என்றார் அதிகாரி. திரையில் அவர் முகம் மாறியது. அவர் சொன்னது அவருக்கே போயிருக்கிறது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நிறுத்தினார். தன் பேச்சை இரண்டு முறை கேட்க அவராலேயே முடியவில்லை.

அந்த இடைவெளியில் அத்தை எழுந்தாள். பிறகு எல்லோரும். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 14

நான் இப்போது பயனர் கையேடு எழுதும் பிரிவில் இருக்கிறேன். யாரும் படிக்காத உரைநடை. தண்டனை பொருத்தமானது.

அத்தை கூப்பிட்டாள். படகுக் கரையை விட்டுத் தள்ளித்தான் வேலி வருகிறதாம். சிரித்துக்கொண்டே, "மொத தபா அந்தப் பொட்டிய எவன் செஞ்சானோ, அவன் வூட்டுல எவனும் வாயே தொறக்க மாட்டானுங்க போலகீதுடா, ஆல்வினு" என்று நிறுத்தாமல் திட்டிக்கொண்டே போனாள்.

"நான்தான் அத்த" என்றேன், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே.

அவளுக்குக் கேட்கவில்லை. என் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் குரல் இங்கே ஓடும்போது என் குரலை அது விழுங்கிவிடும். எனக்குத் தெரியாததா?

அவள் முடிக்கும்வரை காத்திருந்தேன். முடித்ததும், "மீன் குழம்பு வைக்கிறேன், ஞாயித்துக்கெழம வா" என்றாள்.

சரி என்றேன். அது கேட்டது.